சீட்டுக்காரருக்கு ஒரு முள்முடி

அன்று எங்கள் குசினியில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் கணவர். மகள், அப்போது அவளுக்குப் பதினொரு வயது. எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் பெரிய வெள்ளிக்கு இயேசுவின் பாடுகளின் காட்சியை மேடையேற்றும் குழுவின் தலைவர். ஐந்தாமவர், அந்த வருடம் இயேசுவாக நடிக்கவிருந்தவர். என்னுடைய சீட்டுக் காசை வைத்திருந்தவரும் அவர்தான். வேறு ஒருவரும் இல்லை. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை என்று பிறகு கோயில் வாசலில் நின்று சொன்னவர்கள் பலர். அவர்களில் ஒருவரும் அந்தக் குசினியில் இருக்கவில்லை.

குசினி என்று சொல்கிறேனே தவிர, அது கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு அடுக்குமாடியின் நிலக்கீழ் வீட்டில், அடுப்பும் குளிர்ப்பெட்டியும் போக மிஞ்சிய இடம். யன்னல் தெருவின் மட்டத்தில் இருக்கும். மாரியில் பனி குவிந்து அதையும் மூடிவிடும். மகளின் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜாவெல் என்கிற பிளீச் தண்ணீர் போட்டுத் துடைப்பேன். அடுத்த சனிக்குள் அது திரும்ப வந்துவிடும், என்னைவிட ஒழுங்காக. பிள்ளைக்கு முட்டு. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். ஈரமில்லாத வீட்டுக்கு மாறுங்கள் என்று டொக்டர் இரண்டு தரம் சொல்லிவிட்டார், ஏதோ நாங்கள் ஆசைக்கு அங்கே இருப்பதுபோல.

வீடு ஒன்றும் பார்த்து வைத்திருந்தோம். வில்லரேப் பக்கம், இரண்டாம் மாடி, மூன்று பக்கமும் யன்னல். வீட்டுக்காரி ஒரு இத்தாலிக்காரக் கிழவி. மகளைக் கண்டதும் கன்னத்தைக் கிள்ளி, பங்குனி, அதாவது மார்ச், முடியுமட்டும் வைத்திருக்கிறேன், அதற்குள் சொல் என்றாள். எங்கள் பழைய வீட்டுக்காரனுக்கும் அதே பங்குனி முடியுமுன் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் லீஸ் தன்பாட்டில் இன்னொரு வருடத்துக்கு நீண்டுவிடும். இந்த நகரத்தில் ஆடி, அதாவது யூலை, முதலாம் திகதிதான் எல்லாரும் வீடு மாறுகிற நாள். அந்த நாளைத் தவறவிட்டால் இன்னொரு மாரி அதே பூஞ்சணத்தோடுதான். புது வீட்டுக்கு அடுப்பும் குளிர்ப்பெட்டியும் நாங்களே வாங்க வேண்டும், முதல் மாத வாடகை, சாமான் ஏற்றுகிற லொறி. எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் நம்பியிருந்தது அந்தச் சீட்டை.

சீட்டு எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். மாதாமாதம் எல்லாரும் போடுவோம், மாதம் ஒருவர் எடுப்பார். என் முறை தை மாதம். தையில் சீட்டுக்காரர், இரண்டு பேர் போடவில்லை தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ என்றார். மாசியில் போனை எடுக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறேன். விடிய ஆறு மணிக்குத் துடைப்பத்தைப் பிடித்தால் ஒவ்வொரு இடைவேளைக்கும் அவருக்குப் போன் பண்ணுவேன். அவர் எடுக்காத ஒவ்வொரு தடவையும் துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பேன். செத்துப்போனாரோ? காரில் அடிபட்டாரோ? அவருக்கு ஏதும் நடந்திருந்தால் என் காசை யாரிடம் கேட்பது? ஆனால் ஞாயிறு பூசையில் ஆள் முன்வரிசையில் தாடி வளர்த்து, தலைமயிர் தோளில் விழ, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பூசை முடிந்ததும் பாதரோடு கதைத்தபடியே உள்ளே போய்விடுவார்.

அப்படியான ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தலைவர் கோயில் மண்டபத்தில், முள்முடி செய்யத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா என்று கேட்டார். முந்தின வருடம் யாரோ உண்மையான முட்செடியை வளைத்துக் கட்டி, நடித்தவரின் நெற்றியில் காயம் சீழ் வைத்துவிட்டதாம். நான் கையைத் தூக்கினேன். எனக்கு முள்முடி செய்யத் தெரியாது. ஆனால் முடி செய்வதென்றால் தலையை அளக்க வேண்டும், தலையை அளக்க அவர் என் முன்னால் வந்து இருக்க வேண்டும். என் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

"உமக்கென்ன விசரே?" என்று பஸ்ஸில் கணவர் கேட்டார்.

"அளவெடுக்க அவர் வரத்தானே வேணும்" என்றேன்.

"அப்ப தலையிலை பிடிச்சாப் பிறகு விடாதேயும்" என்றார் கணவர்.

சீட்டுக்காரர் வந்தார். தலைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. தலைவர் பார்க் எக்ஸ்ரென்ஷன் பக்கம் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர் என்று பெயர். பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் என்றபடியால் பிஸ்கட் வைக்கலாமோ கூடாதோ என்று நான் யோசித்துக் குழம்பி, கடைசியில் இஞ்சி போட்ட பிளேன்ரீ மட்டும் கொடுத்தேன். சீட்டுக்காரரைக் குசினிக் கதிரையில் இருத்தி, தையல் அளவு நாடாவை எடுத்தேன்.

"தங்கச்சி, தலை பெருத்திட்டுதோ எண்டும் பாருங்கோ" என்றார் அவர். "இயேசு வேஷம் கிடைச்ச நாளிலையிருந்து மனிசி இதைத்தான் சொல்லுறா."

தலைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகளும் சிரித்தாள். கணவர் சிரிக்கவில்லை. நாடாவைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து நெற்றியில் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தேன். இருபத்துமூன்று அங்குலம். மயிரில் தேங்காயெண்ணெய் வாசம். கணவர் குளிர்ப்பெட்டியில் சாய்ந்து நின்று கண்ணால் சொன்னார்: இப்ப கேளும்.

"அண்ணை, உங்களிட்டை ஒரு விஷயம்..."

"பிள்ளை, முதல் இதை முடிப்பம்" என்று தலைவர் எழுந்தார். கைப்பையிலிருந்து ஒரு சாண் நீள மரச்சிலுவையை எடுத்து, தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார். "இப்ப நீங்களும் குழுவிலை ஒரு ஆள். கையை வைச்சுச் சத்தியம் பண்ண வேணும். நாங்கள் எல்லாரும் தபசு தொடங்கின விபூதிப் புதனண்டே வைச்சிட்டம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குழுவின் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்ததுதான். காட்சியில் சேருகிறவர்கள் தபசுகாலம் முழுவதும் மச்சம் மாமிசம் தின்பதில்லை, குடிப்பதில்லை, ஒருவரோடொருவர் கோபதாபம் வைப்பதில்லை. ஏதும் பிணக்கிருந்தால் ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் அதை எடுக்கக்கூடாது. ஒருமுறை சேவகராக நடித்த இரண்டு பேர் கார் விற்ற காசில் சண்டை பிடித்து, அந்த வருடம் மேடையில் சிலுவை முறிந்து விழுந்ததாம். அதிலிருந்து இது இன்னும் இறுக்கம். எல்லாம் தெரியும். ஆனால் முடி செய்கிறவளும் அதற்குள் வருவாள் என்று என் மண்டைக்குள் வரவில்லை. அவரைப் பிடிக்க நான் போட்ட பொறிக்குள் நானே காலை வைத்திருந்தேன்.

"அப்ப காசு குடுக்கவேண்டியவையோடையும் கதைக்கக்கூடாதோ ஐயா?" என்று கணவர் கேட்டார்.

"காசிலைதானே தம்பி கோபம் வாறது. உயிர்ப்புக்குப் பேந்து எல்லாத்தையும் கதைக்கலாம். கர்த்தருக்காக ஒரு நாப்பது நாள் பொறுக்கேலாதே?"

"பங்குனி முடியுமுன்னம் வீட்டுக்காரனுக்கு நாங்கள் சொல்லவேணும்."

"வீட்டுக்காரன்ரை கதை வேறை, குழுவின்ரை கதை வேறை." தலைவர் என்னைப் பார்த்தார். "பிள்ளை?"

சீட்டுக்காரர் கதிரையில் தலையைக் குனிந்து, கண்ணை மூடி இருந்தார். அளவு நாடா இன்னும் அவருடைய தோளில் கிடந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடம் அகதி முகாமான பிறகு நான் திரும்பிப் போகவில்லை. நாலு பேர் நடுவில் நியாயம் எடுத்துக் கதைக்க எனக்கு வராது. பயம் மட்டும் நன்றாக வரும். கை வைக்காமல் விட்டு, இந்தப் பிள்ளைக்கு ஒரு மூச்சடைப்பு வந்தால்? மேடையில் ஏதும் நடந்து, உன்னாலேதான் என்று சொன்னால்? வைத்தேன். மரம் சில்லென்றிருந்தது.

போகும்போது சீட்டுக்காரர் மகளின் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"ஈரமாக் கிடக்கு, என்ன? பிள்ளைக்குக் கூடாது தங்கச்சி, கவனம்."

கதவைச் சாத்திவிட்டு வந்தால் கணவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "நல்லாப் பிடிச்சீர்" என்றார்.

முடிக்கு வேண்டிய சாமான்களைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மகளோடு போய் டொலர் கடையில் வாங்கினேன். பில்லை வைத்திருங்கோ, குழு தரும் என்று தலைவர் சொல்லியிருந்தார். முள்முடிக்கென்று ஒரு கடையிலும் ஒன்றும் விற்பதில்லை. வேறு எதற்கோ செய்த பொருள்களைப் பார்த்து இது அதுவாகுமா என்று யோசிக்க வேண்டும். முதலில் வளையம். நத்தாருக்குக் கதவில் தொங்கவிடுகிற, காய்ந்த கொடியால் முறுக்கிய வளையம் ஒன்று விலை குறைத்த தட்டில் கிடந்தது. சுற்றிவரச் சிவப்புப் பிளாஸ்டிக் பழங்கள், ஒரு வெள்ளிப் பறவை.

"அம்மா, உது கிறிஸ்மஸ் சாமான். இயேசு இப்பத்தான் பிறந்தவர், அதுக்குள்ள கொல்லப் போறீங்களோ?" என்றாள் மகள். அவளுக்கு இழுத்தாலும் வாய் ஓயாது.

முள்ளுக்குத்தான் கனக்க யோசித்தேன். பல்லுக் குத்துகிற குச்சி என்றால் மரம், முறிந்து தோலுக்குள் ஏறும். கம்பி என்றால் சொல்லவே வேண்டாம். நின்று நின்று, கடைசியில் மின்சாரச் சாமான்கள் இருந்த இடத்தில் கண்ட பொருள் எனக்கு நன்றாகப் பழகியது: வயர்களைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டி. ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணிப் பைகளின் வாயை அதால்தான் இறுக்குவோம். இறுக்கிவிட்டு மிச்ச வாலைச் சரித்து வெட்டினால் அந்த முனை முள்தான். என் இரண்டு மணிக்கட்டிலும் அதன் கீறல்கள் இருக்கின்றன. இரண்டு கட்டு எடுத்தேன். பிறகு மண்ணிறச் சப்பாத்துப் பொலிஷ், நகம் அராவுகிற அரம், சூடாக்கி ஒட்டுகிற பசைக் குச்சி, தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிரே. உள்ளே மெத்தைக்கு, மயிரைச் சுருட்டப் பாவிக்கிற பஞ்சு உருளை. அது இளஞ்சிவப்பு நிறத்தில்தான் இருந்தது. வெளியே தெரியாதுதானே என்று எடுத்தேன்.

காசு வாங்குகிற பிள்ளை பொன்ஜூர் சொல்லி, சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

"பார்ட்டிக்கோ எண்டு கேக்கிறா" என்றாள் மகள்.

"ஓம் எண்டு சொல்லு."

செய்தது வேலை முடிந்து வந்த பின்னேரங்களில். பழங்களைப் பிடுங்கினேன். பறவையை மகள் எடுத்துக்கொண்டாள். கொடியைச் சுற்றிப் பட்டிகளை இறுக்கி, வால்களை ஒரு விரற்கணு நீளத்துக்குச் சரித்து வெட்டினேன், ஒன்று மேலே பார்க்க, ஒன்று பக்கவாட்டில், ஒன்று உள்ளே வளைந்தாற்போல. வெட்டி முடித்ததும் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு உண்மையாக இருந்தது. உடனே பயமும் பிடித்தது. சிலுவையோடு விழும்போது இதில் ஒன்று கண்ணில் ஏறினால்? ஒவ்வொரு முனையையும் அரத்தால் அராவினேன். அராவிய முனையில் ஒரு சொட்டுப் பசை வைத்தேன். விரலால் அழுத்திப் பார்த்தேன். கன்னத்தில் உரசிப் பார்த்தேன். பொலிஷ் பிளாஸ்டிக்கில் பிடிக்கவில்லை, துணியில் கழன்று வந்தது. வியர்த்து முகமெல்லாம் கறுத்தால் சனம் சிரிக்குமே என்று, முள்களின் உடம்பையும் அராவிச் சொரசொரப்பாக்கி, திரும்பப் பூசி, மேலே ஸ்பிரே அடித்தேன். அடித்த மணத்துக்கு மகளுக்கு இழுக்கத் தொடங்கியது. அவளை மேல்மாடி வாசலில் கொண்டுபோய் இருத்திவிட்டு, மிச்சத்தைக் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தேன்.

பஞ்சு உருளைகளை நீளத்துக்குப் பிளந்து வளையத்தின் உட்புறம் முழுவதும் மாட்டினேன். கணவரின் தலையில் வைத்து, ஆட்டுங்கோ என்றேன். ஆட்டினார். குனியுங்கோ என்றேன். குனிந்தார். அசையவில்லை.

"ஏமாத்தினவனுக்கு மெத்தை வைச்சு முடி கட்டுற முதல் ஆள் நீராத்தான் இருக்கும்" என்றார் முடியோடு.

"ஏமாத்தினவர் எண்டு இன்னும் தெரியாதுதானே."

"இஞ்சை முன்னுக்கு ஒண்டு ரெண்டைக் கூராவே விடுமன். ஞாபகம் வரட்டும்."

பகிடிக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காயம் பட்டால் அதையே சாட்டாக வைத்து, காசு தரமாட்டேன் என்பார் என்று யோசித்தேன். கழற்றி வாங்கி, முன்பக்கத்து முனைகளுக்கு இன்னொரு சொட்டுப் பசை வைத்தேன்.

பங்குனியின் நடுவில் மண்டபத்துக்கு ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர் முடியை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். கண்ணீர் வந்தது அவருக்கு. அது நடிப்பென்று நான் சொல்லமாட்டேன். அழக்கூடியவர்தான். மற்றவர்கள் விலகிப் போகும்வரை காத்திருந்து, கிட்டப் போனேன். காசு என்ற சொல்லை எடுப்பதில்லை என்று வரும்வழி முழுவதும் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

"அண்ணை, அந்த வில்லரே வீடு... இந்த மாதக் கடைசிக்குள்ளை நான் அந்த அம்மாவுக்குச் சொல்லவேணும்."

அவர் ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்தார். பிறகு அதே விரலை மேலே, மண்டபத்தின் கூரைப்பக்கம் காட்டினார். தலையில் நான் கட்டிய முள். முகத்தில் தாடி. கண் இன்னும் ஈரம். அந்தக் கோலத்தில் நிற்கிறவரிடம் ஒரு பொம்பிளை குளிர்ப்பெட்டிக் காசு கேட்பதை யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்? நான் திரும்பி வந்துவிட்டேன்.

கணவர் தலைவரின் கடைக்கும் போய்ப் பார்த்தார். கை வைச்சாச்சு, உயிர்ப்பு வரட்டும் என்ற அதே பதில்தான் வந்தது. கூடவே ஒரு பை முருங்கைக்காய் காசில்லாமல் கொடுத்து அனுப்பியிருந்தார். கடன் வாங்குவோமா என்று யோசித்தோம். யாரிடம்? எங்களுக்குத் தெரிந்தவர்களில் கொடுக்கக்கூடியவர்கள் எல்லாரும் அதே சீட்டில்தான் இருந்தார்கள். காசு உயிர்ப்புக்குப் பிறகு வரும் என்று நம்பி வீட்டை எடுப்போமா? வராவிட்டால்? பழைய வீட்டுக்கும் இல்லாமல், புது வீட்டுக்கும் இல்லாமல், பிள்ளையோடு ஆடி மாதம் தெருவில் நிற்பதா? பழைய வீட்டுக்காரனுக்கான கடிதத்தை எழுதி, மடித்து, திரும்ப விரித்து, கடைசிவரை கொடுக்காமலே விட்டேன்.

பங்குனியின் கடைசி நாள் இத்தாலிக்காரக் கிழவி போன் பண்ணினாள். மகள்தான் எடுத்துக் கதைத்தாள். பிரெஞ்சில் இரண்டு மூன்று தரம் நொன், நொன் என்றாள். பிறகு மெர்சி என்றாள்.

"என்னவாம்?"

"வேறை ஆக்களுக்குக் குடுக்கிறாவாம். உங்களுக்கு சொரி சொல்லச் சொன்னவ." போனை மேசையில் வைத்தாள். "பரவாயில்லை அம்மா. அந்தப் படி ஏறவே எனக்கு இழுக்கும்."

பதினொரு வயதுப் பிள்ளை எனக்குச் சமாதானம் சொன்னது. அதைவிட அடி எனக்கு வேண்டியதில்லை.

பெரிய வெள்ளியன்று மண்டபம் நிறைந்து, சனம் சுவரோரம் நின்றது. நான் காட்சியைப் பார்க்கவில்லை, முடியை மட்டும் பார்த்தேன். சேவகன் அதைத் தலையில் வைத்துத் தடியால் அழுத்தியபோது மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. பூசிய சிவப்பு நெற்றியில் வடிந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"எவ்வளவு கூர், பாருங்கோ. பாவம், அந்த மனிசன் எப்பிடித் தாங்குது?"

பஞ்சு இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. மூன்றாம் தரம் சிலுவையோடு விழுந்தபோது முகம் பலகையில் மோதியது. முடி இம்மியும் அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த எதுவும் அவ்வளவு சரியாக அமைந்ததில்லை என்று அப்போது ஒரு பெருமை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னோடு கோபம் வரும்.

முடிந்ததும் சனம் வரிசையில் நின்று அவருடைய அங்கியைத் தொட்டுக் கும்பிட்டது. சாம்பிராணிப் புகைக்கு மகள் இருமத் தொடங்க, கணவர் அவளை வெளியே குளிருக்குள் கூட்டிப் போய் நின்று மூச்சுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார். நான் வரிசையின் கடைசியில் நின்றேன், கும்பிட அல்ல, முடியை வாங்க. அவர் என் கையைப் பிடித்தார்.

"ஒரு கீறல்கூட இல்லை தங்கச்சி. உங்கடை கைக்கு ஆண்டவர் தருவார்."

ஆண்டவர் தருவார் என்றார். தான் தருவேன் என்று சொல்லவில்லை. அதைக் கவனிக்க எனக்கு வீடு வரும்வரை எடுத்தது. முடியையும் தரவில்லை. படம் எடுக்க வேண்டும், பேந்து தாறன் என்றார்.

உயிர்ப்புக்கு மறுநாள் வேலைக்கு உடம்பு வருத்தம் என்று சொல்லிவிட்டு பியர்பொன்ட்ஸுக்குப் பஸ் ஏறினேன். சீட்டுக்காரர் அங்கே சொந்த வீடு வைத்திருந்தவர். மெட்ரோ, பஸ், திரும்ப ஒரு பஸ். வழி முழுவதும் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். கோபமில்லாமல் தொடங்க வேண்டும், பிள்ளையின் முட்டு வருத்தத்தைச் சொல்ல வேண்டும், பாதியாவது இன்றைக்குத் தாருங்கோ என்று கேட்க வேண்டும். வீட்டு வாசலில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. உருகாத அழுக்குப் பனிக்குள் விற்பனைப் பலகை இன்னும் நின்றது, குறுக்கே விற்றாயிற்று என்று ஒட்டியிருந்தது. எனக்கு வருகிற ஆங்கிலத்தில் கேட்டேன். தை மாதத்திலேயே எழுதி முடித்தாயிற்று, முந்தின சொந்தக்காரர் காலையில்தான் வீட்டுத் திறப்பைக் கையில் தந்துவிட்டு ரொறன்ரோவுக்குப் போனார், நல்ல மனிதர் என்றான் அந்த ஆள்.

தை மாதம். என் முறை வந்த மாதம். என் குசினியில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது அந்த வீடு அவருடையதில்லை. விபூதிப் புதனில் சிலுவையில் கை வைத்தபோதும் அவருடையதில்லை. நாற்பது நாள், யாரும் காசு கேட்காத நாற்பது நாள். சாமான் கட்ட அது போதும்.

அங்கிருந்து நேரே தலைவரின் கடைக்குப் போனேன். வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். கண்டதைச் சொன்னேன்.

"நானும் இதை எதிர்பாக்கேல்லை பிள்ளை. எனக்கும் நேற்றுத்தான் சொன்னவர்."

"ஐயா, உங்கடை சீட்டை நீங்கள் எடுத்திட்டியளோ?"

தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் மார்கழியிலை எடுத்திட்டன்."

"அப்ப இப்ப கேக்கலாம்தானே. உயிர்ப்பும் முடிஞ்சுது. நீங்கள் ஒருக்கா அவருக்குச் சொல்லுங்கோவன்."

"சொல்லலாம். ஆனா சீட்டுக்கு என்ன எழுத்து இருக்கு பிள்ளை? கோயில் ஆக்களுக்குள்ளை பொலிஸ், கோர்ட்டு எண்டு போனா ஆருக்கு வெக்கம்? அந்த மனிசன் எங்களுக்காகச் சிலுவை சுமந்தவர். சனம் உங்களைத்தான் கதைக்கும்."

கைப்பையில் கிடந்த டொலர் கடைப் பில்லை எடுத்து நீட்டினேன்.

"இதையாவது தாங்கோ. குழு தரும் எண்டனீங்கள்."

வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "தரலாம், தரலாம். முடி எங்கை? உங்களிட்டையோ?"

"அவர் கொண்டு போயிட்டார்."

"அப்ப முடியைக் கொண்டாங்கோ, பில்லைத் தாறம். கணக்குக் காட்டவேணுமெல்லே" என்று பில்லைத் திருப்பித் தந்தார். பிறகு, "கொஞ்சம் வெண்டிக்காய் போடட்டே?" என்று கேட்டார்.

அந்தக் கோடை முழுவதும் போன் பண்ணினேன். முதலில் எடுக்கவில்லை, பிறகு இலக்கமே இல்லாமல் போயிற்று. ஆடி முதலாம் திகதி எங்கள் தெருவில் லொறிகள் வரிசையாக நின்றன. சனம் மெத்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு போனது. யன்னலில் கால்கள் மட்டும் தெரிந்தன. மகள் அந்த வெள்ளிப் பறவையைத் தன் கட்டிலின் தலைமாட்டில், பூஞ்சணம் தெரியாமல் இருக்க ஒட்டிவைத்திருந்தாள். அடுத்த சனியே அதையும் கழற்றிவிட்டுத்தான் துடைக்க வேண்டியிருந்தது.

அடுத்த தபசுகாலத்தில் எங்கள் பங்கு ஆட்களின் வாட்சப்பில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். ரொறன்ரோவில் பெரிய வெள்ளிக் காட்சி. மேடை பெரிது, விளக்குகள் நல்லது. அவர்தான் அங்கேயும் இயேசு. இங்கே செய்ததையே செய்தார், விழுந்ததும் அதே விழுகைதான். கீழே எல்லாரும் கைகூப்புகிற குறி போட்டிருந்தார்கள். தலைவரும் போட்டிருந்தார். மூன்றாம் தரம் விழுந்து முகம் குப்புறக் கிடந்தபோது கமரா மேலிருந்து இறங்கிக் கிட்டப் போனது. மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, உங்கடை பிங்க் பஞ்சு!"

ஓம். முடியின் உட்புறத்தில், காதுக்கு மேலே, ஒரு துண்டு இளஞ்சிவப்பு தெரிந்தது. ஒரு வருடம் பாவித்தும் கழலவில்லை, முள் ஒன்றும் உடையவில்லை, நிறமும் போகவில்லை. நெற்றியில் ஒரு கீறலும் இல்லை.

இங்கே எங்கள் லீஸ் அந்த வருடமும் தன்பாட்டில் நீண்டது. என்னிடம் எழுத்தாக இருப்பது அந்த டொலர் கடைப் பில் மட்டும்தான், அதிலும் மை மங்கிவிட்டது. சீட்டுக் காசு ஆறாயிரத்து நானூறு டொலர், முடிக்கு வாங்கிய சாமானுக்கு வரியோடு இருபத்தாறு டொலர் முப்பத்தைந்து சதம். இன்றைய நாள் வரைக்கும் வரவேண்டியது, ஆறாயிரத்து நானூற்று இருபத்தாறு டொலர் முப்பத்தைந்து சதம்.